முதற் கமராவைத் தேர்தல்

கண்ட காட்சியை நிறுத்திவைக்கும் கருவி ஒன்று இன்று பெரும்பாலானோரின் சட்டைப்பையிலேயே இருக்கின்றது. கைத்தொலைபேசியின் முகப்பைத் தொட்டால் படம் பிறந்துவிடுகின்றது. திருமண வீட்டிலும், தேர்த் திருவிழாவிலும், பாடசாலை விளையாட்டுப் போட்டியிலும் நூறு கைகள் ஒரே வேளையில் உயர்வதைக் காணலாம். இத்துணை எளிதாகப் படம் கிடைக்கும் நாளில், தனியாக ஒரு கமராவை விலைகொடுத்து வாங்குவது எதற்கு என்னும் வினா எழுவது இயல்பே.

ஆனால் அந்த நூறு பேரில் ஒருவருக்கேனும், எடுத்த படத்தைப் பார்த்ததும் மனம் நிறைவதில்லை. பாட்டியின் முகத்தில் விளக்கொளி விழுந்த விதம் அவர் கண்ணுக்கு ஒன்றாகவும், படத்தில் வேறொன்றாகவும் தோன்றுகின்றது. ஓடிவந்த சிறுவன் படத்தில் வெறும் நிழலாகிவிட்டான். தாம் கண்டதற்கும் கருவி தந்ததற்கும் இடையே உள்ள இந்த வேறுபாட்டை எவர் உணர்கின்றாரோ, அவரே ஒளிப்படக் கலையைக் கற்கத் தகுதி பெற்றவர். அவருடைய முதற் கமரா எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இது சிறிய வினா அன்று. இலங்கையில் இளம் ஆசிரியர் ஒருவருக்கோ, கந்தோரில் எழுதுவினைஞராய் உள்ள ஒருவருக்கோ, நல்ல கமரா என்பது பல மாதச் சேமிப்பு. பொருந்தாத கருவியில் அச்சேமிப்புக் கரைந்துவிட்டால், இழப்பது பணம் மட்டுமன்று. கற்கும் ஆர்வமும் அதனோடு போய்விடுகின்றது. ஆசையோடு வாங்கி, ஆறு மாதத்தில் அலுமாரிக்குள் அடைபட்ட கமராக்கள் எத்தனையோ வீடுகளில் உள்ளன. குறை பெரும்பாலும் வாங்கியவரின் திறமையில் இருப்பதில்லை. வாங்குமுன் கேட்கவேண்டிய வினாக்களைக் கேளாமையே குறை.

கமராக்களின் வரலாற்றில் இரண்டு வழிகள் உள்ளன. அவற்றைப் பிரித்தறிந்தால் தேர்வு பாதி எளிதாகிவிடும்.

1888 ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஜோர்ஜ் ஈஸ்ட்மன் 'கொடக்' என்னும் பெட்டிக் கமராவை விற்பனைக்குக் கொணர்ந்தார். அதன் விலை 25 டொலர். 100 படங்களுக்குரிய சுருள் அதனுள் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கும். எடுத்து முடிந்ததும் கமராவை அப்படியே தொழிற்சாலைக்கு அனுப்பினால், படங்களை அச்சிட்டு, புதிய சுருளையும் ஏற்றித் திருப்பியனுப்புவார்கள். 1900 ஆம் ஆண்டில் அதே கம்பனி 'பிறவுணி' என்னும் கமராவை ஒரு டொலருக்கு விற்றது. எவ்வளவு ஒளி வேண்டும், எவ்வளவு நேரம் வேண்டும் என்னும் முடிவுகள் யாவும் இக்கமராக்களில் முன்னரே செய்யப்பட்டுவிட்டன. விசையை அழுத்துவது ஒன்றே மனிதனுக்கு எஞ்சிய வேலை. இதனாலேயே ஒளிப்படம் செல்வர் வீட்டிலிருந்து எல்லார் வீட்டுக்கும் வந்தது. அது பெரும் நன்மை. இன்றைய கைத்தொலைபேசி இந்த வழியில் வந்த பேரப்பிள்ளை எனலாம்.

மற்றைய வழி, முடிவுகளை மனிதன் கையிலேயே விட்டுவைக்கும் கமராக்களின் வழி. ஜேர்மனியில் வெற்ஸ்லார் நகரிலிருந்த லைற்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஒஸ்கார் பார்னக் என்பவர், சினிமாச் சுருளைப் பயன்படுத்தும் சிறிய கமரா ஒன்றை ஆக்கினார். 'லைக்கா' என்ற பெயரில் அது 1925 ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில் அறிமுகமாயிற்று. கைக்குள் அடங்கிய கருவியாயினும் ஒளியின் அளவும் நேரமும் தூரமும் எடுப்பவரின் விரலுக்குக் கட்டுப்பட்டிருந்தன. அதன் படச் சட்டம் 36 மில்லிமீற்றர் அகலமும் 24 மில்லிமீற்றர் உயரமும் உடையது. இன்று 'முழுச் சட்டம்' என்று பெருமையாகச் சொல்லப்படும் டிஜிற்றல் கமராக்களின் அளவும் அதுவே. பின்னர் 1976 முதல் 1997 வரை ஜப்பானியப் பென்ராக்ஸ் நிறுவனம் விற்ற 'கே 1000' என்னும் கமராவும் இவ்வழியைச் சேர்ந்ததே. அதில் அலங்காரம் ஒன்றுமில்லை. பற்றரி தீர்ந்தால் ஒளிமானி மட்டுமே நின்றுவிடும். கமரா தொடர்ந்து வேலை செய்யும். எல்லாவற்றையும் கையாலேயே திருப்பவேண்டியிருந்தமையால், பல நாடுகளில் ஒளிப்பட மாணவர்களின் முதற் கமராவாக அது விளங்கிற்று.

ஆகவே, 'முறையான கமரா' எது என்று கேட்டால் விலை கூடியது என்று விடை கூறலாகாது. முடிவு செய்யும் உரிமையை எடுப்பவரிடம் திருப்பித் தருவது எதுவோ, அதுவே முறையான கமரா.

அந்த முடிவுகள் எவை? அடிப்படையில் அவை மூன்றே. லென்ஸ் எனப்படும் வில்லையின் துவாரத்தை எவ்வளவு திறப்பது என்பது ஒன்று. ஷட்டர் என்னும் திரையை எவ்வளவு நேரம் திறந்துவைப்பது என்பது இரண்டு. உள்ளே இருக்கும் ஒளியுணர் தகட்டின் கூருணர்வை எந்த அளவில் வைப்பது என்பது மூன்று, இதனையே ஐ.எஸ்.ஓ. என்று குறிப்பிடுவர்.

யன்னலை அகலத் திறந்தால் அறைக்குள் அதிக ஒளி வருவதுபோல, துவாரத்தை அகலத் திறந்தால் ஒளி மிகுதியாகப் புகும். அதனோடு, முகம் தெளிவாக நிற்க, பின்னால் உள்ளவை மங்கும். துவாரத்தைச் சுருக்கினால் அருகிலுள்ள வேலியும் தொலைவிலுள்ள கோபுரமும் ஒருங்கே தெளிவுபெறும். திரையை 1/500 செக்கன் மட்டும் திறந்தால் ஓட்டப் போட்டியில் பாயும் மாணவி அந்தரத்தில் நிற்பாள். அரைச் செக்கன் திறந்தால் அருவி பால்போல் வழியும். ஆனால் கமராவைத் தாங்கியின்மேல் அசையாமல் நிறுத்தியிருத்தல் வேண்டும். தகட்டின் கூருணர்வைக் கூட்டினால் இருளிலும் படம் கிடைக்கும். ஆனால் மணல் தூவியதுபோன்ற புள்ளிகளும் சேர்ந்து வரும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றைக் குறைக்கவேண்டும். இக்கணக்கு விரலுக்குப் பழகுவதே ஒளிப்படப் பயிற்சியின் பெரும்பகுதி.

கருவி எளியதாயினும் பயிற்சியால் உயரலாம் என்பதற்கு இலங்கையோடு தொடர்புடைய ஒருவரின் வரலாறே சான்று. 1815 ஆம் ஆண்டு கல்கத்தாவிற் பிறந்த ஜூலியா மார்கிறெற் கமரன் என்னும் அம்மையார், 1863 ஆம் ஆண்டு இறுதியில், தமது 48 ஆவது வயதிலேதான் முதற் கமராவைப் பெற்றார். மகளும் மருமகனும் கொடுத்த பரிசு அது: மரத்தாலான பெரிய பெட்டி; பிரான்சிற் செய்த வில்லை; படத்துக்குக் கண்ணாடித் தகடு. இங்கிலாந்தின் வைற் தீவிலிருந்த தமது வீட்டில் நிலக்கரி அறையை இருட்டறையாக்கினார். கோழிகள் அடைந்த கண்ணாடிக் கொட்டிலைப் படம் எடுக்கும் கூடமாக மாற்றினார். அடுத்த மாதத்தில், அதாவது 1864 ஜனவரியில், சிறுமி ஒருத்தியின் படத்தை எடுத்து, அதுவே தமது முதல் வெற்றி என்று குறித்துவைத்தார். ஆசிரியர் எவரிடமும் முறையாகக் கற்றவரல்லர். பல தகடுகளைக் கெடுத்தே கற்றார்.

அவருடைய படங்கள் தெளிவற்றவை என்று அக்காலத்து ஒளிப்படக்காரர் பலர் குறைகூறினர். வில்லையைக் கூர்மையாகப் பொருத்துவதிலும் பார்க்க, முகம் அழகாய்த் தோன்றும் இடத்தில் நிறுத்துவதையே அவர் விரும்பினார். வானியலறிஞர் ஹேர்ஷல், கவிஞர் ரெனிசன், இயற்கையியலறிஞர் டார்வின் முதலியோரின் முகங்களை இன்றும் உலகம் அம்மையாரின் படங்கள் வழியாக அறிகின்றது. அவர் கணவர் சார்ள்ஸ் கமரன், 1833 ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்கு வழிகோலிய கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவால் இலங்கை வரலாற்று மாணவர் அனைவருக்கும் அறிமுகமானவர். இத்தம்பதியர் 1875 இல் இலங்கைக்கு வந்து குடியேறினர். இங்கும் அம்மையார் மலைநாட்டுத் தொழிலாளரையும் பிறரையும் படம் எடுத்தார். 1879 இல் மறைந்த அவரது உடல் பொகவந்தலாவைத் தேவாலயத்து மண்ணில் அடக்கம் செய்யப்பட்டது.

இவ்வரலாற்றில் இரண்டு செய்திகள் உள்ளன. கருவி சிறந்ததாக இருக்கும்வரை அவர் காத்திருக்கவில்லை என்பது ஒன்று. கையிலிருந்த கருவியின் இயல்பை முற்ற அறிந்து, அதனால் எது முடியுமோ அதையே தமது பாணியாக்கிக்கொண்டார் என்பது மற்றொன்று. 1866 அளவில், தேவை தெளிவான பின்னரே, இன்னும் பெரிய கமராவுக்கு மாறினார். முதற் கமராவை வாங்குபவருக்கு இதனிலும் நல்ல முன்மாதிரி தேவையில்லை.

இனி, கடைக்குச் செல்லுமுன் கேட்கவேண்டிய வினாக்களைப் பார்ப்போம். செயலில் இறங்குபவன் வலியையும், காலத்தையும், இடத்தையும் அறிதல் வேண்டும் என்று வள்ளுவர் அடுத்தடுத்து மூன்று அதிகாரங்கள் வகுத்துள்ளார். கமரா வாங்குபவருக்கும் இந்த ஒழுங்கு நன்கு பொருந்தும்.

முதலாவது வலி. அஃதாவது பணவலியும் உடல்வலியும். புதியவர் செய்யும் பொதுவான பிழை, கையிலுள்ள பணம் முழுவதையும் கமராவின் உடலுக்கே கொடுத்துவிடுவது. உடல் என்பது இருட்டுப் பெட்டியும் ஒளியுணர் தகடும் சில விசைகளும் சேர்ந்தது. ஆண்டுதோறும் புதிய உடல் வரும், பழையது விலை இறங்கும். ஒளியை உள்ளே கொண்டுவருவது வில்லையே. நல்ல வில்லை பத்து, இருபது ஆண்டுகள் பயன் தரும். எனவே சேமிப்பில் பாதிக்கு மேல் உடலுக்குச் செல்லாதவாறு பார்த்துக்கொள்ளல் நன்று. எஞ்சியதில் பெரும்பகுதி வில்லைக்கும், சிறு பகுதி மேலதிகப் பற்றரி, நினைவக அட்டை, மழைக்கு ஈடுகொடுக்கும் பை முதலியவற்றுக்கும் உரியது.

உடல்வலியை எவரும் எண்ணிப்பார்ப்பதில்லை. கடையில் ஐந்து நிமிடம் கையில் வைத்திருக்கும்போது பாரம் தெரியாது. பஸ் வண்டியில் நின்றுகொண்டு போகும்போதும், தேர் வரும்வரை வீதியிற் காத்திருக்கும்போதும் அது தெரியும். வீட்டில் வைத்துவிட்டுச் செல்லத் தோன்றும் கமரா எவ்வளவு உயர்ந்ததாயினும் பயனில்லை. ஆகவே வாங்குபவர் கமராவைத் தாமே கையில் ஏந்தி, சாளரத்திற் கண்ணை வைத்துப் பார்த்து, கண்ணை எடுக்காமலே துவாரத்தையும் நேரத்தையும் மாற்ற முடிகின்றதா என்று பரீட்சித்தல் வேண்டும். கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடு பார்த்தல் வேண்டும். முடிவுகள் யாவும் திரையிலுள்ள பட்டியல்களுக்குள் ஒளிந்திருக்கும் கமரா, கற்பவருக்கு உகந்ததன்று.

இவ்விடத்தில் இன்றைய கமராக்களின் இரு வகைகளையும் சொல்லிவிடல் தகும். ஒன்று, உள்ளே கண்ணாடி ஒன்று நிமிர்ந்து தாழும் பழைய அமைப்பு. அவ்வகையில் 2003 ஆம் ஆண்டு கனன் நிறுவனம் வெளியிட்ட 'ஈ.ஓ.எஸ். 300 டி' அமெரிக்காவில் 1,000 டொலருக்குக் குறைந்த விலையில் வந்து, டிஜிற்றல் கமராவைச் சாதாரண மக்களுக்கும் எட்டச் செய்தது. மற்றையது அக்கண்ணாடி இல்லாத புதிய அமைப்பு. வில்லை மாற்றக்கூடிய அவ்வகைச் சிறு கமராக்களின் புதிய வரிசை ஒன்றை 2008 இல் பனசொனிக் நிறுவனம் தொடக்கிவைத்தது. இப்போது நிறுவனங்களின் புதிய முயற்சி பெரும்பாலும் இரண்டாம் வகையிலேயே செல்கின்றது. அவை பாரம் குறைந்தவை. படம் எவ்வாறு வரும் என்பதை எடுக்குமுன்னரே சாளரத்திற் காட்டுபவை. ஆனால் பற்றரியை விரைவில் தீர்ப்பவை. முதலாம் வகையோ பழைய பொருளாக மலிவாய்க் கிடைக்கின்றது. அதற்குரிய வில்லைகளும் ஏராளம். பணம் குறைந்த மாணவருக்கு முதலாம் வகை இன்றும் ஏற்றதே. அதனைப் பழையது என்று இகழ வேண்டியதில்லை.

இரண்டாவது காலம். எந்த வேளையில், எந்த ஒளியிற் படம் எடுக்கப்போகின்றீர்கள் என்பதே வினா. நண்பகல் வெயிலில் எடுப்பதானால் எக்கமராவும் நன்றே எடுக்கும், கைத்தொலைபேசியே போதும். கமராக்களின் தரம் தெரிவது மாலை மங்கும்போதும், வீட்டுக்குள்ளும், திருவிழா இரவிலுமே. இங்கே ஒரு கணக்கை நினைவில் வைத்தல் நன்று. கமராவோடு சேர்த்து விற்கப்படும் சாதாரண வில்லையை முழுவதும் நீட்டினால், அதன் துவாரம் பெரும்பாலும் எஃப் 5.6 என்னும் அளவுக்கு மேல் திறவாது. விலை அதிகமில்லாத, நீட்டிச் சுருக்க முடியாத சிறு வில்லை ஒன்று எஃப் 1.8 வரை திறக்கும். இவ்வெண்கள் சிறுக்கச் சிறுக்கத் துவாரம் பெருகும். இரண்டையும் ஒப்பிட்டால் பின்னது ஏறக்குறையப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகின்றது. முன்னதற்கு 1/10 செக்கன் வேண்டிய அறையில் பின்னதற்கு 1/100 செக்கன் போதும். மடியிலிருக்கும் குழந்தை 1/10 செக்கனில் அசைந்து மங்கிவிடும். 1/100 செக்கனில் அதன் சிரிப்புப் பதிந்துவிடும். விலை உயர்ந்த புதிய உடல் தராத நன்மையை மலிவான ஒரு வில்லை தருவதை இதனால் அறியலாம்.

கை நடுக்கத்தைத் திருத்தும் பொறிகள் இன்று பல கமராக்களில் உள்ளன என்று விற்பனையாளர் கூறுவர். உண்மையே. ஆனால் அப்பொறி எடுப்பவரின் கை நடுக்கத்தையே திருத்தும். எதிரே ஆடும் குழந்தையை நிறுத்தாது. அதற்கு ஒளியும் விரைவுமே வேண்டும்.

தகட்டின் பருமனும் இவ்விடத்திலேயே கவனிக்கப்படவேண்டியது. முழுச் சட்டத் தகடு 36 க்கு 24 மில்லிமீற்றர். ஆரம்ப நிலைக் கமராக்கள் பலவற்றில் அது ஏறக்குறைய 23 க்கு 15 மில்லிமீற்றர். கைத்தொலைபேசியிலோ பெரும்பாலும் சுண்டுவிரல் நகத்தளவே. முற்றத்திற் பெய்யும் மழையைப் பெரிய பாத்திரம் அதிகமாக ஏந்துவதுபோல, பெரிய தகடு அதிக ஒளியை ஏந்தும். எனினும் முதற் கமராவுக்கு நடுத்தர அளவே போதும். முழுச் சட்டக் கமராவை வாங்கினால் அதற்கேற்ற பெரிய வில்லைகளையும் வாங்கவேண்டும், செலவு தொடரும்.

நடுத்தரத் தகடு பார்வைக் கோணத்தைச் சற்றுச் சுருக்கும் என்பதையும் மறத்தலாகாது. 50 மில்லிமீற்றர் வில்லை அக்கமராவில் 75 அல்லது 80 மில்லிமீற்றர் வில்லைபோற் பார்க்கும். முகங்களை எடுப்பதற்கு அது சிறந்தது. சிறிய அறைக்குள் குடும்பத்தாரை எடுப்பதற்கு ஆகாது. வீட்டு நிகழ்ச்சிகளை எடுக்க விரும்புவோருக்கு 35 மில்லிமீற்றரோ அதனிலும் குறைந்ததோ உகந்தது.

மூன்றாவது இடம். மன்னார்க் கடனீரேரியில் வந்திறங்கும் பூநாரைகளை எடுக்க விரும்புபவருக்கு 300 மில்லிமீற்றருக்குக் குறையாத நீண்ட வில்லை வேண்டும். அட்டன் பக்கத்து மலைச் சரிவுகளை அகலமாகக் காட்ட விரும்புபவருக்கு 18 மில்லிமீற்றர் வில்லை போதும். கல்யாணப் படம் எடுத்து வருவாய் பெற எண்ணுபவர், முதற் கமராவிலேயே அதனைத் தொடங்குதல் ஆகாது. பிறருடைய திருமணம் மீண்டும் நிகழாது. ஒரு கமரா பழுதானால் மற்றொன்று கையிலிருத்தல் வேண்டும். முதலில் அனுபவமுள்ள ஒருவரோடு உதவியாளாய்ச் சென்று பழகுவதே முறை.

இடம் என்னும்போது இலங்கையின் சுவாத்தியத்தையும் நினைத்தல் வேண்டும். ஈரப்பதம் மிகுந்த இந்நாட்டில் வில்லைக்குப் பகை திருடனிலும் பார்க்கப் பூஞ்சணமே. காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு 60, 65 வீதத்துக்கு மேல் நீடித்தால், வில்லையின் உட்புறத்தில் சிலந்தி வலைபோல் அது படரத் தொடங்கும். நாளடைவில் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். தோற்பையும் துணிப்பையும் ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பவை; கமராவை நெடுநாள் அவற்றுள் வைத்தலாகாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா ஜெல் என்னும் ஈரமுறிஞ்சும் மணிகளோடு, நூற்றுக்கு 40 முதல் 50 வீத ஈரப்பதத்தில் வைத்தால் நன்று. ஈரமானியும் அம்மணிகளும் மலிவானவை. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் கடற்கரைக்குச் சென்று வந்தவர், உப்புக் காற்றுப் பட்ட உடலைச் சற்றே நனைந்த துணியால் துடைத்து, உடனே உலர்த்தல் வேண்டும். எல்லாவற்றிலும் சிறந்த காப்பு, கமராவை அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துவதே.

இனி, கடைக்காரர் முதலிற் சொல்லும் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. படம் எத்தனை மெகாபிக்சல் என்பதே பலருக்கு அளவுகோலாய் உள்ளது. 1975 ஆம் ஆண்டு கொடக் நிறுவனத்திற் பணியாற்றிய ஸ்ரீவன் சாசன் ஆக்கிய முதல் டிஜிற்றல் கமராவின் படத்தில் 10,000 புள்ளிகளே இருந்தன. ஒரு படத்தைக் கசெற் நாடாவிற் பதிய 23 செக்கன் சென்றது. அன்று புள்ளிகளைக் கூட்டுவது பெரும் சாதனை. இன்றோ 24 மெகாபிக்சல், அதாவது 6,000 க்கு 4,000 புள்ளிகள், சாதாரணமாகிவிட்டன. ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்னும் உயர்ந்த தரத்தில் அதனை 20 அங்குல அகலத்துக்கு அச்சிடலாம். 12 மெகாபிக்சலே 13 அங்குலத்துக்குப் போதும். வீட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்கு இதனிலும் பெரிது வேண்டுவோர் சிலரே. எனவே இருபதுக்கும் நாற்பதுக்கும் உள்ள வேறுபாட்டுக்காகப் பணத்தைக் கொட்டுதல் வீண்.

பாவித்த கமராவை வாங்குவோர் சில பரீட்சைகளைத் தாமே செய்தல் வேண்டும். முதலில் வில்லையைக் கழற்றி, துவாரத்தை முழுவதும் திறந்து, ஒரு பக்கமிருந்து ரோர்ச் விளக்கை அடித்து மறுபக்கமிருந்து நோக்குக. நூல்போன்ற படலம் தெரிந்தால் அது பூஞ்சணம். எவ்வளவு மலிவாயினும் வேண்டாம் எனக் கூறிவிடல் நன்று. அடுத்து, துவாரத்தை எஃப் 16 அளவுக்குச் சுருக்கி, வெறும் வானத்தைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்குக. கரும்புள்ளிகள் தோன்றினால் தகட்டில் தூசு உள்ளது. தூசைத் துப்புரவு செய்யலாம். கீறல் இருந்தால் திருத்த இயலாது. மூன்றாவதாக, ஷட்டர் எத்தனை முறை இயங்கியுள்ளது என்பதைக் கேட்டறிக. ஆரம்ப நிலைக் கமராக்கள் பலவற்றின் ஷட்டர் ஏறக்குறைய 100,000 முறை இயங்கத்தக்கதாய்ச் செய்யப்படுகின்றது; அதன் பின்னும் இயங்கலாம், இயங்காமலும் போகலாம். நான்காவதாக, பற்றரி உப்பியிருக்கின்றதா, புதியது உள்ளூரிற் கிடைக்கின்றதா என்று பார்க்குக. இவ்வளவையும் செய்து பார்க்க இடங்கொடாத விற்பனையாளரிடம் வாங்காமல் வருவதே மேல்.

பழைய பிலிம் கமராவிற் கற்பது நல்லதன்றோ என்று சிலர் கேட்பர். பிலிம் மனிதனைச் சிந்தித்து எடுக்கப் பழக்கும் என்பது மெய்யே. ஆயினும் ஒவ்வொரு பிழைக்கும் காசு செலவாகும். பிழையை அறியவும் நாட்கள் செல்லும். டிஜிற்றல் கமரா ஒவ்வொரு படத்தோடும் துவாரம், நேரம், ஐ.எஸ்.ஓ. ஆகியவற்றைத் தானே குறித்துவைக்கின்றது. பிழை எங்கே நேர்ந்தது என்பதை அன்றிரவே காணலாம். ஆசிரியர் அருகில் இல்லாதவருக்கு அக்குறிப்பே ஆசிரியர்.

படம் கமராவோடு முடிவதுமில்லை. 1900 ஆம் ஆண்டு கொழும்பிற் பிறந்த லயனல் வென்ட் இலங்கை ஒளிப்படக் கலைக்கு உலகப் புகழ் தேடியவர். சட்டம் படித்தவர், பியானோ வாசிப்பில் வல்லவர். விசையை அழுத்திய பின்னர் இருட்டறையில் ஒளியையும் இரசாயனத்தையும் கொண்டு அவர் செய்த பரிசோதனைகள் பல. 1944 இல் அவர் மறைந்தார். 1950 இல் அவருடைய படங்கள் நூலாய்த் தொகுக்கப்பட்டு வெளிவந்தன. அன்றைய இருட்டறையின் வேலையை இன்று கணினி செய்கின்றது. அதற்கு, திருத்தப்படாத மூலப் பதிவை 'ரோ' என்னும் வடிவில் வைத்திருக்கும் கமராவைத் தேர்தல் வேண்டும். சிறிய கணினியும், படங்களைப் பிரதி செய்து வைக்கத் தனியான சேமிப்புக் கருவி ஒன்றும் செலவுக் கணக்கிற் சேர்க்கப்பட வேண்டியவையே. ஒரே இடத்தில் மட்டும் இருக்கும் படம் எந்நாளும் ஆபத்திலிருக்கும் படம்.

தேர்வு முடிந்து கமரா வீட்டுக்கு வந்தபின் முதலாண்டு எவ்வாறு கழியவேண்டும்? ஒரே உடல், ஒரே வில்லை. இவ்விரண்டோடு அமைந்துவிடுதல் நன்று. முதல் மாதம் துவாரத்தை மட்டும் மாற்றி மாற்றி ஒரே பொருளை எடுத்துப் பார்க்கலாம். அடுத்த மாதம் நேரத்தை மாற்றிப் பார்க்கலாம். ஒரே முற்றத்தைக் காலை ஆறு மணிக்கும், நண்பகலிலும், மாலை ஆறு மணிக்கும் எடுத்து அருகருகே வைத்தால், ஒளி என்ன செய்கின்றது என்பதை எப்புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லமுடியாது என்பது விளங்கும்.

பின்னர் ஒரு பொருளைத் தெரிந்தெடுத்து ஆண்டு முழுவதும் தொடர்தல் வேண்டும். ஊரில் பனையோலையால் பெட்டி இழைக்கும் முதியவளின் கைகள், கொல்லன் பட்டறை, கட்டுமரம் கரையேறும் விடியல், கொழுந்துக் கூடையோடு மலையேறும் பெண்கள் என இத்தகையவை எங்கும் உள்ளன. இவற்றுட் சில, அடுத்த தலைமுறை பிறக்குமுன்னரே மறையக்கூடியவை. அவற்றை எடுக்குமுன் அனுமதி கேட்டல் மரியாதை. எடுத்தபின் ஒரு படத்தை அச்சிட்டு, எடுக்கப்பட்டவர் கையிலேயே கொடுத்தல் கடமை. போராலும் இடப்பெயர்வாலும் குடும்பப் படங்கள் அனைத்தையும் இழந்த வீடுகள் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ உண்டு. அத்தகைய வீட்டுச் சுவரில் ஏறும் ஒரு முகம், எந்தக் கண்காட்சிப் பரிசிலும் மேலானது.

ஆண்டு முடிவில் அந்தப் படங்களின் குறிப்புகளை எடுத்து நோக்குக. தூரம் போதாமல் எத்தனை படங்கள் கெட்டன, இருளால் எத்தனை கெட்டன, அவசரத்தால் எத்தனை கெட்டன என்று எண்ணிப் பார்க்குக. அடுத்து வாங்கவேண்டியது நீண்ட வில்லையா, அகன்ற வில்லையா, தாங்கியா என்பதை அக்கணக்கே சொல்லும். அவசரத்தாற் கெட்டவையே மிகுதியாயின், வாங்கவேண்டியது ஒன்றுமில்லை. இன்னும் ஓராண்டு பழகுவதே செய்யவேண்டியது.